கடைமடையில கெடக்குது உன் தலமுடி

இன்னா மருமவனே, வீட்டுக்குள்ளயும் தொப்பி போட்டுக்கினு உக்காந்திருக்க? கூரை ஒழுவுதா? உங்கம்மா காலைலயே ஆளனுப்பிச்சிட்டா. "தம்பி, எம்புள்ள தீவாளிக்கு வந்தவன் கண்ணாடிய வுட்டு நகர மாட்டேங்கறான். சோறு செரிக்கலன்றான், முடி கொட்டுதுன்றான், தோலு உரியுதுன்றான். நீ வந்து ஒரு வார்த்த சொல்லு"ன்னா. ஒரு வார்த்தையோட முடியற ஆளா நான்? அதான் வெத்தலப் பொட்டியோடவே வந்துட்டன். தொப்பியக் கழட்டு பாப்பம். அட, ஒண்ணும் குடி முழுவிப் போயிடல. இனிமே வகிடு எடுக்கறதுக்குச் சீப்பு வேணாம், அவ்ளோதான்.

மேசை மேல இன்னா கடை பரப்பி வச்சிருக்க? நீலிபிருங்காதி ரெண்டு பாட்டிலு. குங்குமாதித் தைலம் ஒண்ணு. அது மூஞ்சிக்கா? குங்குமப்பூ விக்கிற வெலைக்கு அந்தச் சின்னக் குப்பியில எத்தினி நாரு வுழுந்திருக்கும்னு ரோசன பண்ணியா? பயோட்டின் மாத்திர, கேஸ் மாத்திர. எல்லாத்துக்கும் அடியில பிரியாணி பார்சல் பில்லு. அதையும் மருந்துக் கணக்குல எழுதிட்டியா?

சிரிக்காத. நான் கணக்கு எழுதிப் பொழச்சவன். திண்டிவனத்துல நாட்டு மருந்துக் கடையில. நாடி புடிக்கக் கத்துக்கல. எந்த மாசம் எந்தக் கூட்டம் படியேறும்னு மட்டும் கத்துக்கினன். ஊருல காய்ச்சல் பரவுனா மொதல்ல நெலவேம்பு கேட்டு வருவாங்க. அந்தக் கூட்டம் ஓஞ்சி மூணு மாசம் போனா, அதே மூஞ்சிங்க தலையத் தடவிக்கினே வரும். எங்க மொதலாளி நெலவேம்புக்கு ஆர்டர் போடறப்பவே தைலத்துக்கும் சேத்துப் போட்டுடுவாரு. சோசியமான்னு கேட்டன். "போய் பில்லப் போடுய்யா"ன்னாரு.

அது சோசியமில்ல, ஒடம்போட கணக்கு. உனக்கு டைபாய்டு வந்தது ஆடியில. இப்ப ஐப்பசி. உன் சட்டைக் காலர்ல ஒரு முடி ஒட்டிக்கினு இருக்குது பாரு, அத எடு. வெளிச்சத்துல புடி. ஒரு முனையில வெள்ளையா, குண்டூசித் தலையில பாதிகூட இல்லாத ஒரு மொட்டு தெரியுதா? அது வேரு அறுந்து வந்ததுன்னு பயந்துக்காத. வேரு உள்ளாற பத்தரமா இருக்குது. வேலைய முடிச்சிட்டு, மூணு மாசம் சும்மா குந்திக்கினு இருந்துட்டு, தானாக் கழண்டு வர்ற முடிக்குத்தான் இந்த மொட்டு இருக்கும். மனுசன் தலையில சுமாரா 1 லட்சம் முடி. நல்லாருக்கறவனுக்கே நாளைக்கு 50லேர்ந்து 100 முடி கொட்டும். பெரிய காய்ச்சல் வந்தா, வளந்துக்கினு இருந்த முடியில ஒரு பெரிய பங்கு ஒரே நேரத்துல வேலைய நிறுத்திட்டு ஓய்வுக்குப் போயிடும். அதுங்க எல்லாம் சேந்து வெளிய வர்ற மாசம் இது. இங்கிலீசு டாக்டருங்க இதுக்கு டெலோஜன் எஃப்லூவியம்னு பேரு வச்சிருக்காங்க.

நம்பிக்கையில்லன்னா கட்டை வெரல நீட்டு. நகத்துல குறுக்கால ஒரு பள்ளம் ஓடுது பாரு, தடவுனா வெரலுக்கே தெரியும். நீ ஆஸ்பத்திரியில படுத்திருந்த நாளு அது. நகம் மாசத்துக்கு சுமாரா 3 மில்லிமீட்டர் வளரும். பள்ளம் நகக்கண்ணுலேர்ந்து கால் அங்குலம் தாண்டி வந்துடுச்சு. மூணு மாசம் சரியாப் போச்சா? நகம் வெட்ட வெட்ட அது வெளிய போயிடும். அதுக்குன்னு யாராவது நகத் தைலம் விக்கிறானா? விக்க மாட்டான். நகத்த எவனும் கண்ணாடியில பாத்து அழுவறதில்ல.

இப்ப சூட்சுமத்தக் கேளு. இந்த மாதிரிக் கொட்டற முடி, வேற கோளாறு இல்லன்னா, ஆறு மாசத்துல தானா நின்னுடும். நீ நாலாவது மாசம் எண்ண வாங்குவ, தேய்ப்ப. ஆறாவது மாசம் கொட்டறது நிக்கும். யாருக்கு நல்ல பேரு? பாட்டிலுக்கு. அடுத்த வீட்டுக்காரனுக்கும் நீயே சொல்லுவ, "இதான் நிறுத்திச்சு"ன்னு. வெளம்பரத்துக்குக் காசு குடுக்காம உன்ன வேலைக்கு வச்சிக்கினான் பாரு, அவன் பொழைக்கத் தெரிஞ்சவன்.

அதுக்காக எண்ணெயப் பழிச்சிடாத. நீலிபிருங்காதி பழைய யோகம். கேரளத்து வைத்தியருங்க வச்சிருக்கற சகஸ்ரயோகத்துல இருக்குது. அவுரி, கரிசலாங்கண்ணி, முடக்கத்தான், நெல்லிக்கா சாறு. அப்பால ஆட்டுப்பால், பசும்பால், எரும்பால், தேங்காப்பால்னு நாலு பாலு ஊத்திக் காய்ச்சணும். காய்ச்சறப்ப வர்ற மணத்துக்கே பாதி ஊரு வந்து நிக்கும். அவுரி வேற நம்ம பக்கத்துச் சரக்கு. புதுச்சேரியிலேர்ந்து பிரெஞ்சுக்காரன் கப்பல் கப்பலா நீலத்துணி ஏத்துனானே, அதுக்குச் சாயம் இந்த அவுரிதான். ராத்திரி ரெண்டு சொட்டு தேச்சா தலை காயாது, தூக்கம் வரும், முடி முறியாது. வேலைய நிறுத்திட்டு ஓய்வுல இருக்கற முடிய எழுப்பி "திரும்பி வா, சம்பளம் கூட்டித் தர்றன்"னு மட்டும் அது சொல்லாது.

நீ வாங்கி வச்சிருக்கறது ஆயுர்வேதம்தான? அந்த ஆயுர்வேதம் இன்னா சொல்லுதுன்னு பாட்டில்ல எழுதியிருக்க மாட்டான், நான் சொல்றன். தின்ன சோறு செரிச்சி மொதல்ல ரசமாவுது. ரசத்துலேர்ந்து ரத்தம், அப்பால தசை, கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை, சுக்கிலம். மொத்தம் ஏழு தாது. சோறு கடைசி தாது வரைக்கும் போய்ச் சேர ஒரு மாசம் ஆவும்னு சுஸ்ருதர் கணக்கு. இதுல முடியும் நகமும் எங்க வருது? எலும்பு ஆன பிற்பாடு மிச்சமாத் தள்ளற கழிவு அது. இதுக்கு அந்தக் காலத்துப் பண்டிதருங்க ஒரு நியாயம் வச்சிருக்காங்க, கேதாரிகுல்யா நியாயம்னு பேரு. வாய்க்கா தண்ணி மொத வயல நனைச்சிட்டுத்தான் அடுத்த வயலுக்குப் போவும்ன்றது. நம்ம இரும்பை ஏரி மடையத் தொறந்தா யாரு வயல்ல மொதல்ல பாயுது, யாரு கடைசியில மண்வெட்டியத் தூக்கிக்கினு சண்டைக்கு வர்றான்? உன் தலமுடி கடைமடைக்காரன், மருமவனே. ஏரியில தண்ணியே இல்லாதப்ப அவன் வயல்ல போய் நின்னு பன்னீரு தெளிக்கிற நீ.

ஏரின்னா வயிறு. அங்கதான் உன் வண்டவாளம் இருக்குது.

டைபாய்டு கிருமி வேல செய்யறது சிறுகுடல் முடியற எடத்துல. வாரக்கணக்குல வுட்டா அங்க புண்ணாவி ஓட்ட வுழறதும் உண்டு. அந்தக் குடலோட டிஸ்சார்ஜ் ஆவி மெட்ராசுக்குப் போன நீ, மொத ஞாயித்துக்கெழம ஆப்புல பிரியாணி சொன்ன. அதுக்கு அடுத்த வாரம் ரூமுல எவனோ "கழிவெல்லாம் வெளிய போவணும், பேதிக்கு எடு"ன்னு சொன்னானாமே? நல்லவேளை உங்கம்மா போன்ல கத்துனா. புண்ணு ஆறாத குடலுக்குப் பேதி குடுக்கறவன் கூட்டாளி இல்லடா, வட்டியோட கடன் திருப்பிக் கேக்கற ஆளு. ஆயுர்வேதத்துலயும் பேதி குடுக்கறதுக்கு மின்ன ஆளத் தேத்தணும், பலம் பாக்கணும். நோயில மெலிஞ்சவனக் கண்டா ஒதுக்கி வைக்கச் சொல்றாங்க.

பேதி குடுத்த பிற்பாடு எப்படிச் சோத்துக்குத் திரும்பறதுன்னு சரகர் ஒரு வரிச எழுதி வச்சிருக்காரு. சம்சர்ஜனக் கிரமம்னு பேரு. பேரு பெருசா இருக்குதேன்னு மெரளாத, உங்க ஆயா செஞ்சதுதான். மொதல்ல தண்ணிக் கஞ்சி. அரிசிக்கு 14 பங்கு தண்ணி. நாம புழுங்கரிசி நொய்யில வைப்பம். அரிசி மலந்து, பருக்கை கண்ணுக்கு மட்டும் தெரியணும், பல்லுக்குத் தெரியக் கூடாது. மூணு வேளை அது. அப்பால கெட்டிக் கஞ்சி, 4 பங்கு தண்ணியில கொழைய வச்சது, மூணு வேளை. அப்பால பாசிப்பயறு வேகவச்ச தண்ணி, மொதல்ல உப்பு நெய் இல்லாம, பொறவு உப்பும் நெய்யும் சீரகமும் போட்டு. கடைசியில கறிச் சாறு. ஆமாண்டா, ஆயுர்வேதத்துல கறி உண்டு. ஆட்டெலும்பு சூப்பு, மொதல்ல வெறுமனே, அப்பால தாளிச்சி. மொத்தம் 12 வேளை, 7 நாளுல முடிஞ்சிடும். அத வுட்டுட்டு நீ கடைசிப் படியிலேர்ந்து ஆரம்பிச்ச, அதுவும் எலும்ப வுட்டுட்டு மசாலாவ மட்டும் புடிச்சிக்கினு.

இன்னிக்கி ஆரம்பிச்சாலும் கெட்டுப் போயிடல. அந்த மூணாவது படியில ஒரு விசேசம் இருக்குது. பயறுல நூறு கிராமுக்கு 24 கிராம் கிட்டத்தட்ட புரதம். முடியும் நகமும் புரதத்தாலதான் ஆவுது. நீ மாத்திரைக்குக் குடுக்கற காசுல ஒரு மூட்ட பயறு வாங்கலாம். இன்னொண்ணு, அந்தப் பயோட்டின கூடுதலா முழுங்குனா ரத்தப் பரிசோதனையில சிலது தப்பாக் காட்டும்னு அமெரிக்காவுல 2017லயே அரசாங்கம் எச்சரிச்சிது. தைராய்டு பாக்கப் போனா, மாத்திர சாப்புடறன்னு லேப்புல சொல்லிடு.

கஞ்சின்னதும் மூஞ்சி சுளிக்கிற. சரி, நம்ம ஊருக் கதையே சொல்றன். மாகாளேசுவரர் கோயிலுக்கு சின்ன வயசுல போயிருக்கியே, சம்பந்தர் பாடுன கோயிலு. உள்ள லிங்கத்துக்குச் செப்புப் பட்டம் கட்டியிருக்கும். கடுவெளிச் சித்தர் இங்க தவத்துல உக்காந்தாராம். மேல புத்து வளந்துடுச்சாம், மரத்துலேர்ந்து உள்ளங்கையில வுழற எலைய மட்டும் தின்னுக்கினு இருந்தாராம். மழ இல்ல. இவரு தவத்துச் சூடுதான் காரணம்னு ராசாவுக்குச் சந்தேகம். வள்ளின்னு ஒரு தாசி, நான் எழுப்பறன்னு வந்தா. இன்னா பண்ணா? எலை வுழற கையில ஒரு அப்பளத்த வச்சா. அவரும் எலைன்னு நெனச்சித் தின்னாராம். மறுநாளும் அப்பளம். நாக்குக்கு உப்பு தெரிஞ்சிது, ஒடம்பு தேறுச்சி, கண்ணத் தொறந்துட்டாரு. அப்பால திருவிழாவுல அவ ஆடறப்ப காலு சிலம்பு கழண்டு வுழ, சித்தரு எடுத்து மாட்டி வுட, ஊரே கைகொட்டிச் சிரிச்சிது. அவரு கோவத்துல ஒரு பாட்டுப் பாட, லிங்கம் மூணா வெடிச்சிடுச்சாம். ராசா கால்ல வுழுந்தாரு, சித்தரு திரும்பப் பாடுனாரு, ஒட்டிக்கிச்சி. அதுக்குத்தான் அந்தச் செப்புக் கட்டு. அந்தக் கோவத்துல அவரு சாபம் வுட்டதுலதான் இந்தச் செம்மண் மேடெல்லாம் காஞ்சி கெடந்துதுன்னும் சொல்லுவாங்க. 1968ல ஆரோவில்காரங்க வந்தப்ப இங்க பனைமரமும் பள்ளமும்தான் இருந்துது. அவங்க மரம் வைக்கறதுக்கு மின்ன மழத்தண்ணி ஓடாம வரப்புப் போட்டாங்க. அது வேற கதை.

நான் சொல்ல வந்தது அப்பளத்த. எலையத் தின்ன வயித்துக்கு அவ விருந்து வைக்கல பாரு. கையில ஒண்ணு, மறுநாள் ஒண்ணு. தாசிக்குத் தெரிஞ்ச பத்தியம் உங்க கம்பெனி கேண்டீனுக்குத் தெரியல. அப்படிப் பக்குவமாக் குடுத்தும் கடைசியில கல்லு வெடிச்சிது. நீ பிரியாணியோட ஆரம்பிச்சிருக்க.

கஞ்சி உள்ள போவ வாய்க்குப் புடிக்கணும்ல? அதுக்கு நார்த்தங்கா ஊறுகா துளி, சுண்டைக்கா வத்தல், மணத்தக்காளி வத்தல், பிரண்டைத் தொவையல் இருக்குது. பசி எடுக்கலன்னா நம்ம சித்த வைத்தியத்துல பஞ்ச தீபாக்கினி சூரணம்: சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம். ஆயுர்வேதக்காரரு அஷ்ட சூரணம் குடுப்பாரு. சுக்கு, மிளகு, திப்பிலியோட ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம். சோத்துல மொத கவளத்துல நெய்யோட பெசஞ்சி முழுங்கணும். ரெண்டு பேரும் ஒரே மளிகைக் கடையிலதான் வாங்கறாங்க, சண்ட மட்டும் தனித்தனியாப் போட்டுக்குவாங்க. அளவு சிட்டிகை, மருமவனே. உங்கம்மா கிளறுன தீவாளி லேகியத்த நீ கரண்டியோட வழிச்சி நக்குனத நான் ஜன்னல்ல பாத்தன். அதுல முக்காவாசி வெல்லம். வயித்துல எரிச்சல் இருக்கறவனுக்கு மிளகும் திப்பிலியும் கூடுனா இன்னும் எரியும். வேணும்னா கடைஞ்ச மோர்ல சீரகம், கறிவேப்பிலை போட்டுக் குடி.

வள்ளுவரு மருந்துன்னு ஒரு அதிகாரமே எழுதுனாரு, பத்து குறளு. சுக்கு, மிளகு, தைலம், ஒண்ணு பேரு கூட அதுல கெடையாது. மின்ன தின்னது செரிச்சிதான்னு பாத்துட்டு, வயித்துல இருக்கற தீ அளவு தெரிஞ்சி தின்னுன்றாரு. அவருக்கு மருந்துக் கடை வைக்கிற யோகம் இல்ல.

தோலுக்கு வர்றன். தீவாளிக்கு எண்ண தேச்சித் தல முழுவுனியா? முழுவுனதும் வயிறு உப்புசமா? ஆவும். செரிக்காம இருக்கறப்ப எண்ண தேய்க்கக் கூடாதுன்னு வாக்படர் தெளிவா எழுதியிருக்காரு. காய்ச்சல்காரனுக்கும் ஆவாது. ஆயுர்வேதக் கணக்குல தோலு ரசத்தோட வெளிப்பக்கம், அது மடைக்குப் பக்கத்து வயலு. கஞ்சியும் தண்ணியும் ஒழுங்காப் போனா முடிக்கு மின்ன அது தேறிக்கும். இப்ப சோப்ப வுடு. பச்சப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கெழங்கு, வெட்டிவேரு, கஸ்தூரி மஞ்சள் போட்டு அரச்ச நலங்கு மாவு உங்க அத்த வச்சிருக்கா. அதத் தேச்சிக் குளி. செரிமானம் சரியானப்புறம் குளிக்கறதுக்கு மின்ன நல்லெண்ண மெல்லிசாத் தடவிக்க. 2006ல சிக்குன்குனியா வந்தப்ப நம்ம தெருவுல பாதிப் பேருக்கு மூக்கு மட்டும் கருத்துப் போச்சி, எனக்கும்தான். க்ரீமு விக்கறவன் சைக்கிள்ல சுத்தி வந்தான். வாங்குனவனுக்கும் சில மாசத்துல வெளுத்துது, வாங்காதவனுக்கும் வெளுத்துது. வாங்குனவன் மட்டும் இன்னிக்கி வரைக்கும் க்ரீமுதான்றான்.

ஒரு விசயத்துல மட்டும் நையாண்டி இல்ல. தைலம் தப்பாப் போனா தலையோட போவும், உள்ளுக்குச் சாப்புடறது அப்படி இல்ல. அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்துக் கடைங்கள்ல வித்த ஆயுர்வேத மருந்து 70 வாங்கிச் சோதிச்சி 2004ல முடிவ வெளியிட்டாங்க. 14ல ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்துது. லேபிளு இல்லாத பஸ்பத்த எவன் குடுத்தாலும் வாங்காத. வைத்தியம் வேணும்னா படிச்சவங்ககிட்ட போ. நீ இருக்கற மெட்ராசுல தாம்பரத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005லேர்ந்து நடக்குது, கூட்டம் பாத்தா திருவிழாதான். இங்க அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையம் நெறையத்துல சித்தா டாக்டரு உக்காந்திருக்காரு. திரும்பக் காய்ச்சல் அடிச்சா, மலத்துல ரத்தம் வந்தா, எடை எறங்கிக்கினே போனா, என்னையும் கஞ்சியையும் வுட்டுட்டு ஜிப்மருக்கு ஓடு. ஆறு மாசம் தாண்டியும் கொட்டுனா ரத்தத்துல இரும்பு, தைராய்டு பாத்துடு. வட்ட வட்டமாக் கொட்டுனா அன்னிக்கே போ, அது வேற ஜாதி.

இப்ப எழுந்திரு. நொய்யி ஊற வைக்கச் சொல்லிட்டன். இன்னொண்ணு காதோட கேளு, உங்கம்மாகிட்ட நான் சொன்னன்னு சொல்லாத. தையில பொண்ணு பாக்கப் போறதா இருக்குது, தெரியுமில்ல? அதான் இந்த அழுவாச்சின்னும் எனக்குத் தெரியும். தையில கொட்டறது நின்னிருந்தாலும் மொளச்சது வெளிய தெரியாது. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டரு. வைகாசிக்குத் தள்ளிப் போட்டன்னா வாரிச் சீவலாம். தள்ள முடியாதுன்னாலும் பயப்படாத. பொண்ணோட அப்பன எனக்கு முப்பது வருசமாத் தெரியும். அவரு உன் தலையப் பத்தி வாயத் தொறக்க மாட்டாரு. அவரும் வீட்டுக்குள்ள தொப்பி போடற ஆளு.